பன்னிரண்டு புள்ளி இரண்டு

மோட்டாரை நிறுத்திய கையோடு மீட்டரைப் பார்க்கக் கூடாது.
உழைத்து ஓய்ந்தது குறைத்துச் சொல்லும்,
வெயில் குடிப்பது கூட்டிச் சொல்லும்.
அரைமணி போகட்டும் என்று
வேலூர்க் கோட்டை அகழியின் கிழக்குக் கரையில்
அன்றைக்கு வாரிப்போட்ட ஆகாயத்தாமரைக்குப் பக்கத்தில்
உட்கார்ந்திருப்பேன்.
அதன்பிறகு வருகிற எண்தான் எண்.

பன்னிரண்டு புள்ளி ஏழு, வயிறு நிறைந்தது.
புள்ளி இரண்டு, பாதி.
பதினொன்றே முக்கால் என்றால்
கழி ஊன்றித்தான் கரைசேர வேண்டும்,
பாலத்துமேல் நிற்கும் பையன்கள் விசிலடிப்பார்கள்.

படகில் இரண்டு பேட்டரி.
ஒன்று மோட்டாருக்கு, ஒன்று பம்புக்கு.
நடுவில் ஒரு திருகு: ஒன்று, இரண்டு, இரண்டும்.
'இரண்டும்' பக்கம் போகவே கூடாதென்று
மேஸ்திரி அன்வர் பாஷா அங்கே
நெயில்பாலிஷால் சிவப்புப் பொட்டு வைத்திருக்கிறார்.
கடைக் கல்லாவையும் வீட்டுச் செலவையும்
ஒருகாலத்தில் கலந்து பார்த்தவர்.

தண்ணீரிலேயே கிடக்கிற படகு
சும்மா கிடக்கிறதென்று நினைக்கிறார்கள்.
அடியில் மயிரிழை விரிசல்.
இரவெல்லாம் குடிக்கும்.
நாலு விரல் ஏறியதும் மிதவை தூக்கிக்கொள்ளும்,
பம்பு இருமும், துப்பும், மறுபடி தூங்கும்.
யாரும் பார்க்காத செலவு. அதுதான் பெரிய செலவு.
வரவோ, கூரைமேல் ஒரே ஒரு சோலார் பலகை.
அதன்மேல் நீர்க்காகம் எச்சமிடும்.
மூன்றரைக்கெல்லாம் மதில் நிழல் படகில் ஏறிவிடும்.
குண்டுக்குக் கட்டிய சுவர்
என் வெயிலையும் தடுத்துக்கொண்டு நிற்கிறது.

ஐப்பசியில் ஒரு செவ்வாய்.
காலையிலிருந்தே மூட்டம்.
பம்புப் பேட்டரி பன்னிரண்டு புள்ளி இரண்டு.
படிக்கட்டில் ஒருவன் வந்து நின்றான்,
ஆஸ்பத்திரி ஃபைலைப் பாலித்தீனில் சுற்றிச்
சட்டைக்குள் செருகிக்கொண்டு.
மால்டாவாம். லாட்ஜில் கரண்ட் இல்லையாம்.
தம்பி உள்ளே, ஆபரேஷன், கூப்பிடுவார்கள்.
இவ்வளவையும் ஐந்து தமிழ்ச் சொல்லில் சொல்லிவிட்டு
அணைந்த போனை நீட்டினான்.
பெயர் தபன்.
நம் நிகண்டிலும் அது சூரியன்தான்.
சார்ஜ் கேட்டு வந்த சூரியன்.

கணக்குப் போட்டேன். போடாமல் இருக்க எனக்கு வராது.
அவன் போன் நிறைகிற செலவில்
பம்பு முக்கால் மணி ஓடும்.
முக்கால் மணிக்கு ஆயிரம் லிட்டராவது வெளியே போகும்.
மோட்டார் பேட்டரியில் கொடுக்கலாம்தான்,
சாக்கெட் பம்புப் பக்கம் இருக்கிறது.
"ஏறு" என்றேன்.

பலகையில் குந்தி, வெள்ளை வயரின் மறுமுனையில்,
மீன் கொத்தக் காத்திருப்பவன்போல இருந்தான்.
நானும் பேசவில்லை. பேச என்ன இருக்கிறது,
குமுதவல்லி என்று பெயர் சொன்னேன்,
அவனால் சொல்ல முடியவில்லை.

முப்பத்தெட்டு சதவீதத்தில் அடித்தது.
எழுந்தான், படகு ஒருபக்கம் சாய்ந்தது.
வங்காளத்தில் எனக்குப் பிடிபட்டது
தாதா, தாதா, மறுபடியும் தாதா.
உட்கார்ந்தான். எழுந்தான்.
நல்லதா கெட்டதா என்று முகத்தில் தேடினேன்.
அதுவும் அரைமணி விட்டுப் பார்க்கவேண்டிய முகம்.
விடவில்லை அவன்.
படியேறி, தள்ளுவண்டிகளுக்கு நடுவே,
செருப்பு ஒன்று கழன்றதை எடுத்துக்கொண்டு ஓடினான்.

ராத்திரி மழை பிடித்தது.
விடியும்போது படகின் விளிம்பு
தண்ணீருக்கு இரண்டு விரல் மேலே.
மீட்டர் பதினொன்று புள்ளி மூன்று.
பம்பு முனகிற்று, துப்பவில்லை.
இந்தளவு இறங்கிய பேட்டரி சாகாது,
ஆனால் பழைய மாதிரி வராது.
பெயின்ட் வாளியால் இறைத்தேன்.
அறுபத்து மூன்று வாளி.

பதிவேட்டில் 'மின் குறைவுக்குக் காரணம்' என்ற கட்டத்தில்
மழை என்று எழுதினேன்.
பொய்யில்லை.
அன்வர் பாஷா வந்து பார்த்தார்,
திருகைப் பார்த்தார், பொட்டைப் பார்த்தார்,
சாக்கெட்டில் தொங்கிய வெள்ளை வயரைப் பார்த்தார்.
"யாரோடது?"
என்னோடது என்றேன்.

என் போனுக்கு அந்தப் பின் சேராது.